அந்தக் கடைசி 7 யாருக்கு?

எங்கட அம்மம்மாவுக்கு எல்லா வருத்தத்துக்கும் சித்தாலேப. தலையிடிக்கும் அதுதான், தடிமனுக்கும் அதுதான், முழங்கால் நோவுக்கும் அதுதான். எங்கட கொம்பியூட்டர் பெடியளுக்கு அந்த இடத்தில் இருப்பது 777. பைல் சேவ் ஆகேல்லையா? 777. வெப்சைட்டில் படம் ஏறேல்லையா? 777. டெர்மினலில் 'பெர்மிஷன் டினைட்' என்று ஒரு வரி வந்தால் போதும், அதை நீங்கள் வாசித்து முடிக்க முதலே யாரோ ஒரு அண்ணா "சிஎச்மொட் 777 அடி மச்சான், சரியாகிடும்" என்று வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். சரியாகியும் விடும். சித்தாலேப பூசினால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. 777 பூசினால் கெடுதல் உண்டு, அதுவும் பூசினவருக்கு இல்லை, வேறு யாருக்கோ. இந்தக் கட்டுரை அந்த வேறு யாரைப் பற்றியது.

படமும் புத்தகமும் பற்றி எழுதுகிற இடத்தில் லினக்ஸ் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நான் கலைப் பீடம். தமிழும் புவியியலும் படிக்கிறேன். "தங்கச்சி, நீங்க ஆர்ட்ஸ் தானே, இதெல்லாம் எங்களிட்ட விடுங்கோ" என்பதைக் கடந்த ஒரு வருடத்தில் நிறையத் தரம் கேட்டுவிட்டேன். அவர்களிடம் விட்டதால் என்ன நடந்தது என்று பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். இன்னொன்று, கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். அதைத் தமிழில் அடித்துவிட்டு எனக்கு ஏசாதீர்கள்.

முதலில் கணக்கு. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு போல்டருக்கும் மூன்று வகை ஆட்கள்: உரிமையாளர், குழு, மற்றவர்கள். ஒவ்வொரு வகைக்கும் மூன்று அனுமதி. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, நடு இலக்கம் குழுவுக்கு, கடைசி இலக்கம் மற்றவர்களுக்கு. 640 என்றால் நான் வாசிக்கலாம், மாற்றலாம். என் குழு வாசிக்க மட்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். ஓ/எல் கணிதத்தில் எஸ் எடுத்தவருக்கும் விளங்கும்.

இனி 777ஐ வாசித்துப் பாருங்கள். நான் என்னவும் செய்யலாம், என் குழு என்னவும் செய்யலாம், மற்ற எல்லாரும் என்னவும் செய்யலாம். அப்படியென்றால் மூன்று வகை எதற்கு? யூனிக்ஸை பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதினபோது, 1971இல் வந்த முதல் பதிப்பில் இரண்டே வகைதான் இருந்தது: உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர். குழு பிறகு வந்தது. ஒரு கொம்பியூட்டரைப் பல பேர் பாவிக்கிற இடத்தில் "நான்", "உலகம்" என்று இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாழமுடியாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு எங்கட அண்ணாமார் 777 அடித்து அந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

'மற்றவர்கள்' என்பதும் எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த மெஷினில் கணக்கு உள்ள எல்லா ஆட்களும் மற்றவர்கள். ஆட்கள் மட்டும் இல்லை, புரோகிராம்களும். உபுண்டுவில் வெப் சேர்வர் தனக்கென்று ஒரு கணக்கில் ஓடும், அதன் பெயர் டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா. அதே மெஷினில் நீங்கள் ஒரு வேர்ட்பிரெஸ் தளம் வைத்திருக்கிறீர்கள், அதில் அப்டேட் செய்யாத ஒரு பிளகின் இருக்கிறது, அதற்குள்ளால் எவனோ புகுந்துவிட்டான் என்று வையுங்கள். அவன் அந்தக் கணக்கில்தான் நிற்கிறான். உங்கள் பட்டியலின் கடைசி இலக்கம் 0 என்றால் அவனுக்குப் பட்டியல் தெரியாது. 7 என்றால் வாசிப்பான், மாற்றுவான், விரும்பினால் அழிப்பான். 'மற்றவர்கள்' என்று அடிக்கும்போது நாங்கள் நினைப்பது பக்கத்து மேசையில் இருக்கிற நண்பனை. லினக்ஸ் நினைப்பது அவனையும், எங்களுக்குப் பெயர் தெரியாத எல்லாரையும்.

போல்டருக்கு வந்தால் இன்னும் மோசம். ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுத்து அனுமதி தேவை என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். தேவை இல்லை. அது இருக்கிற போல்டரில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தால் போதும். கோப்பை 400 என்று பூட்டி வைத்துவிட்டு அதன் போல்டரை 777 ஆக விட்டால், கணக்கு உள்ள எவரும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் தன்னுடைய கோப்பை வைக்கலாம். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு, பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போகும்படி வீட்டைத் திறந்துவிட்டது போல. போல்டரில் 'இயக்கு' என்றால் உள்ளே நுழையலாம் என்று அர்த்தம், 'வாசி' என்றால் உள்ளே என்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம் என்று அர்த்தம். எல்லாரும் எழுதுகிற தற்காலிக போல்டரான டிஎம்பி கூட வெறும் 777 இல்லை, 1777. முன்னால் நிற்கிற அந்த 1 ஸ்டிக்கி பிட், ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்காமல் பார்ப்பதற்கு. உலகத்திலேயே மிகத் திறந்த போல்டருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வாறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தொண்டர் குழு. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், நானும் அதில் வேலை செய்கிறேன். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரத்தில் உலருணவுப் பொதி கொடுப்பதற்காக ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, போன் நம்பர், பிள்ளைகள் எத்தனை பேர். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நிரல். அந்த நிரலை நான் முதன்முதலாக வாசித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை. "கணவர் இல்லை." "கணவர் கட்டாரில், காசு அனுப்புவதில்லை." "தனியாக இருக்கிறா, பகலில் வீட்டில் மகள் மட்டும்." "வட்டிக்காரரிடம் நகை." உதவி யாருக்கு முதலில் என்று தீர்மானிக்க எழுதினது. எழுதினவர்கள் அக்கறையோடுதான் எழுதினார்கள்.

அந்தப் பட்டியல் இருந்தது யாரோ அன்பளிப்பாகத் தந்த ஒரு பழைய டெஸ்க்டொப்பில். விண்டோஸ் இழுத்துக்கொண்டு கிடந்ததால் உபுண்டு 18.04 போட்டிருந்தார்கள். அதே அறையில், அதே மெஷினில்தான் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு. மாணவர் கணக்கின் பாஸ்வேர்ட் வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும். ஒருநாள் யாருக்கோ பட்டியலைச் சேவ் பண்ண முடியவில்லை. ஒரு பொறியியல் பீட அண்ணாவுக்கு மெசேஜ் போனது. பதில் வந்தது: சிஎச்மொட், மைனஸ் பெரிய ஆர், 777. பெரிய ஆர் என்றால் அந்த போல்டரும் அதற்குள் இருக்கிற எல்லாமும், அடி ஆழம் வரை. அன்று ஒரு கோப்பைச் சேவ் பண்ணுவதற்காக பட்டியல், பிறப்புச் சான்றிதழ் ஸ்கான்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் திறந்தன. திறந்தது திறந்தபடி மாதக்கணக்கில் கிடந்தது. சேவ் ஆகுது தானே, பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்.

பிறகு, பட்டியலில் இருந்த ஒரு அக்காவுக்கு இரவில் கோல் வரத் தொடங்கியது. எடுத்தவனுக்கு அவவின் பெயர் தெரியும், வீட்டில் ஆம்பிளை இல்லை என்று தெரியும், மகள் எத்தனை வயது என்று தெரியும். பட்டியலில் இருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுதான் என் ஆத்திரமே. கூட்டத்தில் "இதை யார் யாரெல்லாம் பார்த்திருக்கலாம்?" என்று கேட்டேன். "எல்லாரும்" என்றார்கள். எல்லாரும் பார்த்திருக்கலாம் என்றால் ஒருவரிடமும் கேட்க முடியாது. 640 என்று இருந்திருந்தால் குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரிடமும் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அந்த அக்கா இப்போது நம்பரை மாற்றிவிட்டா. எங்களிடம் புது நம்பர் தரவில்லை. பொதியும் எடுக்க வருவதில்லை.

அண்ணாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "அது சும்மா ஒரு குவிக் ஃபிக்ஸ் தங்கச்சி."

வேறு ஊரில் என்றால் கவலையீனம் என்று விட்டிருக்கலாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் விடமுடியாது, ஏனென்றால் பட்டியல் என்றால் என்ன என்று இந்த இரண்டு இடத்துக்கும் தெரியும். 1983 ஜூலையில் காலி வீதியாலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களாலும் வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது தப்பி வந்தவர்களின் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த வீடு தமிழ் வீடு, எந்தக் கடை தமிழ்க் கடை என்று கேட்டுக்கொண்டு திரியவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பிறகு யுத்த காலம் முழுக்க வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஊரில் இருந்து சித்தி வந்தாலும் பதிய வேண்டும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரை, கொழும்பில் இருக்கச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். அடுத்த வருடம், 2008 செப்டெம்பரில், வடக்கில் இருந்து வந்து மேல் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பதிவு. எங்கட வயசுக்காரர் அப்போது நேர்சரியிலோ முதலாம் ஆண்டிலோ. ஆனால் எந்த வெள்ளவத்தை வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பதிவுத் துண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிற ஒரு அப்பாவாவது இருப்பார்.

உலருணவுப் பட்டியலும் 83இன் இடாப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் இடாப்பைத் தயாரித்தவர்கள் கொலைக்காகத் தயாரிக்கவில்லை, வாக்குக்காகத்தான் தயாரித்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். ஒரு பட்டியலை எதற்காக எழுதினோம் என்பது எழுதினவருக்குத் தெரியும். வாசிக்கிறவர் அதை எதற்கு எடுப்பார் என்பது தெரியாது. அதனால்தான் யார் வாசிக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு இலக்கத்தில் பதில் எழுதச் சொல்லி லினக்ஸ் கேட்கிறது.

சரி, எனக்கு வந்த மறுமொழிகள்.

"எங்களுக்குள்ள தானே, எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்." தெரிந்த ஆட்கள் என்றால் அவர்களைக் குழுவில் போடுவதில் என்ன கஷ்டம்? நடு இலக்கம் அதற்குத்தானே இருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் குழுவில் இருந்தால் கடைசி இலக்கத்தில் மிஞ்சுவது தெரியாதவர்கள் மட்டும். அவர்களுக்கு ஏன் 7?

"லினக்ஸ் எண்டாலே ஓப்பன் தானே, நீ என்ன பூட்டச் சொல்லுறாய்?" இதைச் சொன்னவர் லினக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டின லப்டொப் வைத்திருந்தார். திறந்த மூலம் என்பது நிரலை எல்லாரும் வாசிக்கலாம், மாற்றித் தனக்கென ஒரு பிரதி செய்யலாம் என்பது. லினக்ஸ் கேர்னலை உலகமே வாசிக்கலாம். ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸின் பிரதிக்குள் நீங்களும் நானும் நேராக எழுத முடியாது. அனுப்பவேண்டும், பொறுப்பாளர்கள் பார்க்கவேண்டும், ஏற்கவேண்டும். லினக்ஸின் சொந்த வீட்டிலேயே வாசிப்பும் எழுத்தும் வேறு வேறு. பாஸ்வேர்ட் விஷயத்தையும் பாருங்கள். யூனிக்ஸில் ஒரு காலம் மறையாக்கின பாஸ்வேர்ட்கள் எல்லாரும் வாசிக்கக்கூடிய கோப்பில்தான் கிடந்தன. எடுத்து உடைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவற்றை ஷடோ என்று இன்னொரு கோப்புக்கு மாற்றி மற்றவர்களுக்குப் பூட்டினார்கள். பயனர் பெயர்கள் இன்றும் எல்லாரும் வாசிக்கிற கோப்பில்தான். எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் பூட்டச் சொல்லவும் இல்லை. 2005இல் தொடங்கின நூலகம் எண்ணிம நூலகத்தை எடுங்கள். பழைய இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகை எதுவும் தேடும்போது கலைப் பீடத்தில் எங்களுக்கு அதுதான் கதி, எங்கள் அரைவாசி அசைன்மென்ட் அதில்தான் நிற்கிறது. அங்கே வாசிப்பு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், இன்னும் திறக்கவேண்டும். ஒரு சஞ்சிகை அச்சானதே எல்லாரும் வாசிப்பதற்காக. கோப்பு மொழியில் அது 644: எல்லாரும் வாசிக்கலாம், எழுத ஒருவர். பொதி வாங்க வந்த ஒரு பெண்ணின் வீட்டு நிலைமை அச்சாவதற்காகச் சொல்லப்பட்டதா?

"அரசாங்கத்திட்டயே எங்கட எல்லா விபரமும் இருக்கு, நீங்க மறைச்சு என்ன?" அரசாங்கத்திடம் இருப்பது பற்றி எனக்கும் கவலை இருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமலே போனது. அது பேக்அப் இல்லாத பிழை, வேறு கதை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய நேரத்தில் பிற்போடப்பட்டன. அதற்காக? பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறான் என்று நாங்களும் திறந்துபோட வேண்டுமா?

"பெயரை அழிச்சிட்டு ஐசி நம்பரை மட்டும் வைப்பம்" என்று ஒருவர் சமாதானத்துக்கு வந்தார். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புது 12 இலக்க அட்டையிலும் இதே முறை, வருடம் மட்டும் நான்கு இலக்கம். பெயர் இல்லாவிட்டாலும் இவர் பெண், இன்ன திகதியில் பிறந்தவர் என்று அந்த நம்பரே சொல்லும்.

"இதெல்லாம் எதுக்கு, கூகுள் ட்ரைவில போடுவம்." போடலாம். போட்டுவிட்டு 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்பதைத் தட்டி, லிங்க்கை 200 பேர் உள்ள வட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, அதற்குப் பெயர் என்ன? கடைசி இலக்கம் 4. 'எவரும் எடிட் பண்ணலாம்' என்றால் 6. கறுப்புத் திரை இல்லாததால் அது வேறு ஏதோ போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு 777 மீது இவ்வளவு கோபம் இருந்தாலும், 700 மீதும் கொஞ்சமும் அன்பு இல்லை. 700 என்றால் எனக்கு மட்டும். எங்கட சங்கங்களுக்கு இது பழக்கமான நோய். அலுமாரித் திறப்பு தலைவரின் சட்டைப் பையில், தலைவர் திருகோணமலைக்குக் கலியாண வீட்டுக்குப் போனால் கூட்டக் குறிப்பே இல்லை. இப்போது திறப்புக்குப் பதில் பாஸ்வேர்ட். ஒரு அண்ணா முழுவதையும் தன் கணக்கில் வைத்திருப்பார், மாஸ்டர்ஸுக்கு மெல்பேர்ன் போவார், முதல் மாதம் மெசேஜுக்குப் பதில் வரும், மூன்றாம் மாதம் இரண்டு நீல டிக் மட்டும் வரும். கொழும்பில் எங்கள் வயதில் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் போய்க்கொண்டேதான் இருக்கிறார். ஒருவரின் கணக்கில் ஒரு குழுவின் வேலையை வைப்பது என்றால், அவருக்கு விசா கிடைக்கிற நாள் வரைக்கும்தான் அந்த வேலை இருக்கும் என்று அர்த்தம். 777 அடிப்பவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு 700இல் ஒருதரம் மாட்டுப்பட்டவர்கள். அது எனக்கு விளங்குது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இலக்கம் சும்மா கிடக்கிறது.

அந்த நடு இலக்கத்துக்கு எங்கட மெஷினில் செய்த வேலை ஒரு பின்னேரம்தான் எடுத்தது. குரூப்அட் கட்டளையால் ஒரு குழு. யூசர்மொட், மைனஸ் சின்ன ஏ பெரிய ஜி போட்டு ஆட்களை அதில் சேர்ப்பது. அந்தச் சின்ன ஏயை மறக்கவேண்டாம், மறந்தால் அவர் ஏற்கனவே இருந்த மற்றக் குழுக்களில் இருந்து கழன்றுவிடுவார், சூடூ உரிமையும் அதோடு போகலாம். சேர்த்த பிறகு அவர் ஒருதரம் வெளியே போய்த் திரும்ப லொகின் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் "ஒண்டும் மாறேல்ல" என்று சொல்லி மறுபடி 777க்கு ஓடுவார். சிஎச்ஜிஆர்பியால் போல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்தோம். பிறகு போல்டர்களுக்கு 2770, கோப்புகளுக்கு 660. இரண்டையும் ஒரே கட்டளையில் அடிக்கக்கூடாது, ஃபைண்ட் கட்டளையால் போல்டரை வேறாகவும் கோப்பை வேறாகவும் தெரிந்து அடிக்கவேண்டும். ஒரு எக்செல் பட்டியலுக்கு 'இயக்கு' அனுமதி எதற்கு? முன்னால் உள்ள 2 செட்-ஜிஐடி. அது இருந்தால் அந்த போல்டரில் யார் புதுக் கோப்பு உருவாக்கினாலும் அது குழுவுக்கே சேரும். யூமாஸ்க்கை 007 ஆக்கினால் புதுக் கோப்பு பிறக்கும்போதே மற்றவர்களுக்குப் பூட்டித்தான் பிறக்கும். அப்படியும் ஒருவருக்குத் திறக்கவில்லை என்றால் நேம்-ஐ, மைனஸ் எல் என்று பாதை முழுவதையும் அடித்துப் பாருங்கள். அநேகமாக மேலே உள்ள ஏதோ ஒரு போல்டரில் நுழைவு அனுமதி இருக்காது. அன்று சேவ் ஆகாமல் போனதற்கும் ஒரு குழு அனுமதிதான் காரணமாக இருந்திருக்கும், ஒரு நிமிட வேலை.

சேவ் பண்ணுகிற மெஷின் பழைய உபுண்டு என்றால் இன்னொன்றும் பாருங்கள். 21.04 பதிப்பு வரும்வரை உபுண்டுவில் ஒவ்வொருவரின் ஹோம் போல்டரும் 755 ஆகத்தான் பிறந்தது, மற்றக் கணக்குக்காரர் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதன் பிறகுதான் 750. எங்கட மெஷினில் 18.04 என்று சொன்னேனே. பிறகு அப்கிரேட் பண்ணினாலும் ஏற்கனவே உள்ள ஹோம் போல்டர் தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்காமல் கையால் மாற்றிவிடுங்கள்.

கட்டளைகள் சுலபம். கஷ்டமாக இருந்தது வேறு. குழுவில் யார் இருப்பது என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் போடவேண்டியிருந்தது. அந்தக் கூட்டம் மூன்று மணித்தியாலம் போனது. "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று ஒருவர் எழும்பிப் போனார். பொதி கட்டுகிறவருக்கு முகவரி தேவை, குறிப்பு நிரல் எதற்கு என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. குறிப்பு நிரலைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியே அன்றுதான் முதல்முறையாக வந்தது. இந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் நாங்கள் 777 அடிக்கிறோம் என்று நான் நினைக்கிறேன். யாரை நம்புகிறோம், எதற்கு நம்புகிறோம், யாரை இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஒருவரின் மனமும் நோகாது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிற பெண்களைத் தவிர. அவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை, அவர்களின் மனம் நொந்ததும் யாருக்கும் கேட்காது.

பொறியியல் அண்ணாமாருக்கு ஒரு கேள்வி. உங்கள் சொந்த எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை 777 ஆக வைத்துவிட்டு ஒரு சேர்வருக்குள் போகப் பாருங்கள். போக விடாது. அனுமதி அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது, இந்தச் சாவியை நான் பாவிக்கமாட்டேன் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டு நிற்கும். அதை நீங்கள் எல்லாரும் ஒருதரமாவது பார்த்திருப்பீர்கள், உடனே 600 அடித்திருப்பீர்கள். உங்கள் சாவிக்கு 600 அடிக்கத் தெரிகிற உங்களுக்கு, அந்த அக்காவின் போன் நம்பருக்கு ஏன் தெரியவில்லை? பட்டியல் எஸ்எஸ்எச் மாதிரி வாய் திறந்து மறுக்காது என்பதாலா?

குறிப்பு நிரலை அழித்துவிட்டோம். பொதி எடுத்து முடித்தவர்களின் வரிகளையும். குழுவில் இப்போது ஐந்து பேர், அதில் ஒருவர் எழும்பிப் போய்த் திரும்பி வந்தவர். மாணவர் கணக்கில் இருந்து அந்த போல்டரைத் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது. ஆனால் 2022இல் அந்தப் பட்டியலை யாரோ எக்செல்லாகவே வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், குறிப்பு நிரலோடு. அங்கே சிஎச்மொட் இல்லை. ஒவ்வொருவராகக் கோல் எடுத்து, போனில் இருந்தால் அழியுங்கோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு போன். இரண்டு பேர் அழிக்கமாட்டோம் என்கிறார்கள், பிறகு தேவைப்படுமாம்.